எச்எல்ஏ-பி27: ஃப்ளோவில் பாசிட்டிவ், பிசிஆரில் நெகட்டிவ். எதை நம்புவது?

ஹூடி_லேப் | திங்கள், இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நோயாளி 31 வயது ஆண். ஏழு மாதமாகக் கீழ்முதுகு வலி, காலையில் எழும்போது முக்கால் மணி நேரம் இறுக்கம், நடமாடினால் குறைகிறது. டாக்டர் எச்எல்ஏ-பி27 டெஸ்ட் (முதுகெலும்பு அழற்சி நோயோடு தொடர்புள்ள ஜீன்) எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் சாம்பிள் ஓசூர் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து பெங்களூருக்கு வந்தது. ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லின் மேலுள்ள ஆன்டிஜெனைச் சாயமிட்ட ஆன்டிபாடியால் அளப்பது), முடிவு பாசிட்டிவ். ஒளிர்வின் மீடியன் (நடு அளவு) 151-ஆம் சேனல், கிட்டின் கட்-ஆஃப் 147. பத்து நாள் கழித்து வேறொரு லேபில் பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்ப்பது), முடிவு நெகட்டிவ். அந்த ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்ற ஒரே வரிதான், வேறு விவரம் கிடையாது.

டாக்டர் எங்கள் லேபில் மூன்றாவதாக ஒருமுறை பார்க்கச் சொல்கிறார். எங்களிடம் ஃப்ளோவும் இருக்கிறது, எஸ்எஸ்பி பிசிஆரும் (பி27 வரிசைக்கு மட்டும் பொருந்தும் ப்ரைமர் வைத்துச் செய்வது) இருக்கிறது. எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செல்கேட் | திங்கள், இரவு 9.25

151-க்கு 147 என்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். உண்மையான பி27 சாம்பிள் கட்-ஆஃபை இப்படி உரசிக்கொண்டு நிற்பது அரிது. நன்றாகத் தள்ளிப் போய் நிற்கும். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு முதல் காரணம் பி7, பி27-ஐப் போலவே தோற்றமுள்ள இன்னொரு ஆன்டிஜென்.

பி27-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் எதுவும் பி27-ஐ மட்டும் பிடிப்பதில்லை. கிட்களில் அதிகம் வரும் குளோன்கள் ஏபிசி-எம்3, ஜிஎஸ்145.2, எஃப்டி705. மூன்றுமே கூடவோ குறையவோ பி7-ஐயும் தொடும். பி7 நம் மக்களிடம் அபூர்வமான ஒன்றும் இல்லை. அதனால் பி7 உள்ளவரின் டி செல்கள் வெறும் நெகட்டிவுக்கும் உண்மையான பாசிட்டிவுக்கும் நடுவில் ஒரு மேடு காட்டும். அந்த மேட்டின் உச்சி கட்-ஆஃபைத் தாண்டினால் மெஷின் பாசிட்டிவ் என்று எழுதிவிடும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பி27-க்கு எஃப்ஐடிசி, பி7-க்குப் பிஇ என்று இரண்டு சாயமும் ஒரே குழாயில் வரும் கிட். ஏபிசி-எம்3-உம் பிபி7.1-உம் சேர்ந்த ஜோடி அப்படித்தான். பிஇ உயரமாகவும் எஃப்ஐடிசி நடுவிலும் வந்தால் அது பி7. இரண்டும் உயர்ந்தால் இரண்டு ஆன்டிஜெனும் இருக்கலாம். அங்கே ஃப்ளோவை வைத்து முடிவு சொல்லக் கூடாது, டிஎன்ஏ-வுக்குப் போக வேண்டும். இன்னொரு வழி, இரண்டு வேறு குளோன்களால் ஒரே சாம்பிளைப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அதற்கும் டிஎன்ஏதான்.

சாம்பிள் எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டினார்கள் என்று அந்த ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறதா?

---

ஹூடி_லேப் | திங்கள், இரவு 9.50

எடுத்தது சனிக்கிழமை மதியம் 12.30. ஓட்டியது திங்கள் மாலை. கிட்டத்தட்ட 53 மணி நேரம். எப்படி வந்தது, குளிரூட்டப்பட்டதா என்ற விவரம் இல்லை.

---

செல்கேட் | திங்கள், இரவு 10.15

அப்படியானால் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு கொடுக்க முடியாது. ஈடிடிஏ, அதாவது பர்ப்பிள் மூடி ரத்தம் ஃப்ளோவுக்கு அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான கிட்கள் 24 முதல் 48 மணி நேரம் வரைதான் அனுமதிக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஐஸ் பேக் மேல் நேராகக் குழாயைச் சாய்த்து அனுப்புவது இன்னும் மோசம். ஓசூர் ரோட்டில் மதிய வெயிலில் வண்டிக்குள் கிடந்தாலும் அதே கதிதான். செல்கள் செத்துவிட்டால் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டும், பின்னணி உயரும், மேடு அகலமாகும். மறுபக்கம், ஆன்டிஜென் மேற்பரப்பிலிருந்து குறைந்து உண்மையான பாசிட்டிவ்கூட கோட்டுக்குக் கீழே இறங்கலாம். பழைய சாம்பிள் பொய்யான பாசிட்டிவ், பொய்யான நெகட்டிவ் இரண்டையும் தரும்.

நீங்கள் ஓட்டும்போது கவனிக்க:

ரத்தத்தைக் குழாயின் அடியில் விடுங்கள். சுவரில் ஒரு துளி ஒட்டியிருந்தால் அதிலுள்ள செல்கள் சாயம் படாமல் கடைசியில் கீழே வந்து சேரும். ஹிஸ்டோகிராமில் இரட்டை மேடு தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துளி பட்டுவிட்டால் பஞ்சு முனைக் குச்சியால் துடைத்துவிடுங்கள்.

ரத்தம் பொதுவாக 50 அல்லது 100 மைக்ரோலிட்டர்; கிட் தாளில் எது இருக்கிறதோ அதை மாற்றாதீர்கள். வெள்ளையணு எண்ணிக்கை மிக அதிகமானால் ஆன்டிபாடி பற்றாமல் மீடியன் இறங்கும். சாயத்தோடு 15 நிமிடம் இருட்டில். லைசிங் கரைசல் 10 மடங்கு செறிவில் வருகிறது. அன்றன்று வடிநீரில் கலந்து ஒரு மடங்காக்கி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றினால் சிவப்பணு முழுதாக உடையாது. அந்தக் குப்பை லிம்ஃபோசைட் கேட்டுக்குள் நுழையும்.

கேட் போடுவது, அதாவது எந்தச் செல்களை எண்ணுவது என்று எல்லை கட்டுவது, சிடி3 (டி செல்லின் அடையாளம்) மீதுதான் இருக்க வேண்டும். முன்புற, பக்கவாட்டு ஒளிச்சிதறலை வைத்து மட்டும் லிம்ஃபோசைட்டைப் பிரித்தால் பி செல், என்கே செல், கொஞ்சம் மோனோசைட் எல்லாம் கலந்துவிடும். மோனோசைட்டுக்கு எஃப்சி ஏற்பி இருப்பதால் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். (பிஇ-யில் பி7 வரும் கிட்டில் சிடி3-க்கு மூன்றாவது சாயம் தேவைப்படும். உங்கள் மெஷினில் அந்தச் சேனல் இருக்கிறதா பாருங்கள்.)

முக்கியமாக, கட்-ஆஃப் என்பது பீட்ஸ் (மெஷினைச் சரிபார்க்கும், அளவு தெரிந்த ஒளிரும் மணிகள்) வைத்து வோல்டேஜ் சரிசெய்த பிறகுதான் பொருள் தரும். காலையில் பீட்ஸ் ஓட்டாமல் போன வாரத்து செட்டிங்கிலேயே சாம்பிள் ஓட்டினால் 147 என்ற எண்ணே வெறும் எண். இந்த 4 சேனல் வித்தியாசம் லேசர் சற்று மங்கியதாலேயே வரலாம்.

---

அகரோஸ்_மல்லேஸ்வரம் | செவ்வாய், காலை 7.05

ஃப்ளோ பக்கம் செல்கேட் சொல்லிவிட்டார். பிசிஆர் நெகட்டிவையும் கண்ணை மூடி ஏற்கக் கூடாது என்பதை நான் சேர்க்கிறேன். "டிஎன்ஏ டெஸ்ட், அதனால் தப்பாது" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்.

எஸ்எஸ்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் எங்கே பழுதாகும் என்பது தானாகவே தெரியும். ப்ரைமரின் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) 3' முனை, அதாவது நீளும் முனை, பி27-இன் வரிசையோடு அச்சாகப் பொருந்தினால்தான் டாக் என்சைம் நீட்டும். டாக்குக்கு 3' பக்கம் திருத்தும் வேலை தெரியாது. அந்தக் குறைதான் இங்கே நமக்கு வரம். அதனால் "நல்ல என்சைம்" என்று திருத்தும் திறனுள்ள பாலிமரேஸை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அது பொருந்தாத முனையைக் கடித்துச் சரிசெய்து எல்லா சாம்பிளையும் பாசிட்டிவ் ஆக்கிவிடும்.

ஒவ்வொரு குழாயிலும் உள் கண்ட்ரோல் ப்ரைமர் ஜோடி ஒன்று இருக்கும். எல்லா மனிதரிடமும் உள்ள ஒரு ஜீனைப் பெருக்கும். ஜெல்லில் படிப்பது இப்படி:

பி27 பேண்ட் இருக்கிறது: பாசிட்டிவ். கண்ட்ரோல் பேண்ட் மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் பரவாயில்லை, ஒரே குழாயில் இரண்டும் போட்டி போடுவதால் அப்படி ஆகும்.

பி27 பேண்ட் இல்லை, கண்ட்ரோல் பேண்ட் தெளிவாக இருக்கிறது: நெகட்டிவ்.

இரண்டும் இல்லை: அது நெகட்டிவ் கிடையாது, டெஸ்ட் தோற்றுவிட்டது. திரும்பச் செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவதை நெகட்டிவ் என்று அடித்துவிடுவதுதான் பொய்யான நெகட்டிவுக்கு மிக எளிய வழி. அந்த இரண்டாவது லேபின் ரிப்போர்ட்டில் கண்ட்ரோல் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்றீர்கள். ஜெல் படம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியாது என்றால் அந்த நெகட்டிவை எடை போட வழியே இல்லை.

ரத்தம் எந்தக் குழாயில் போனது என்றும் கேளுங்கள். பச்சை மூடி, அதாவது ஹெபாரின் குழாய் என்றால் ஹெபாரின் டிஎன்ஏ-வோடு வந்து டாக்கை முடக்கும். ஹீமோகுளோபின் மிச்சமும் அப்படியே. பிரித்த டிஎன்ஏ-வின் 260/280 விகிதம் (ஒளி உறிஞ்சலை வைத்துத் தூய்மையைக் காட்டும் எண்) 1.7 முதல் 1.9-க்குள் இருக்கட்டும். அளவு மைக்ரோலிட்டருக்கு 20 முதல் 100 நானோகிராம் இருந்தால் வசதி. அதிகமாகப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். டிஎன்ஏ கூடினால் தடைப்பொருளும் கூடுகிறது, பொருந்தாத இடத்திலும் ப்ரைமர் ஒட்டத் தொடங்கும்.

சைக்கிள் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: 94 டிகிரியில் 2 நிமிடம். பிறகு 10 சுற்று 94-இல் 10 விநாடி, 65-இல் 60 விநாடி. அதன் பின் 20 சுற்று 94-இல் 10 விநாடி, 61-இல் 50 விநாடி, 72-இல் 30 விநாடி. மொத்தம் 30 சுற்றுதான். பேண்ட் மங்கலாக இருக்கிறதே என்று 35, 40 என ஏற்றினால் குறிப்பான தன்மை போய்விடும். 65, 61 என்ற இரண்டு வெப்பநிலைகளில்தான் எல்லாம் நிற்கிறது. பிசிஆர் மெஷினின் பிளாக் 2 டிகிரி தாழ்ந்தாலே பி27-க்கு நெருங்கிய சொந்தக்கார அல்லீல்கள் (ஜீனின் வேறு வடிவங்கள்) பெருகும். வருடம் ஒருமுறை வெப்ப அளவி வைத்துக் கிணறு கிணறாக, மூலைக் கிணறுகளையும் சேர்த்து, சரிபார்த்த தாளை வைத்திருங்கள். மெக்னீசியம் கூடினாலும் இதே தொல்லை.

ஜெல் 2 சதவீதம் அகரோஸ், பக்கத்தில் 100 பேஸ் ஏணி. பேண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

ஹூடி_லேப் | செவ்வாய், காலை 9.30

மிக்க நன்றி அக்கா. ஒரு சந்தேகம். எங்கள் சகோதர லேபில் ரியல்-டைம் பிசிஆர் வாங்கப் போகிறார்கள். ஜெல் தேவையில்லை, எண்ணாகவே வரும் என்கிறார்கள். அது இதைவிடத் துல்லியமா?

---

அகரோஸ்_மல்லேஸ்வரம் | செவ்வாய், பகல் 1.10

துல்லியம் ப்ரைமரிலும் ப்ரோபிலும் (இலக்கில் ஒட்டி ஒளிரும் துண்டு) இருக்கிறது, மெஷினில் இல்லை. ஆனால் ரியல்-டைமுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: குழாயைத் திறக்கவே வேண்டாம். ஜெல்லுக்காகத் திறக்கும் ஒவ்வொரு குழாயிலிருந்தும் பெருகிய துண்டுகள் காற்றில் கலக்கும். கோடிக்கணக்கான பி27 துண்டுகள் உள்ள அறையில் அடுத்த மாஸ்டர் மிக்ஸ் கலக்கினால் என்ன ஆகும்? எஸ்எஸ்பி செய்யும் லேபில் கலவை தயாரிக்கும் இடமும் ஜெல் ஓட்டும் இடமும் வேறு வேறு அறை, பைப்பெட் வேறு, மேல்கோட்டும் வேறு. வேலை ஒரே திசையில், சுத்த அறையிலிருந்து ஜெல் அறைக்கு. திரும்பி வரக் கூடாது. டிஎன்ஏ இல்லாத தண்ணீர் குழாய் ஒவ்வொரு ரன்னிலும் கட்டாயம்.

ரியல்-டைமில் எல்லாரும் தடுமாறும் இடம் "லேசான பாசிட்டிவ்". இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பி27 என்பது வைரஸ் இல்லை, கூடக் குறைய இருப்பதற்கு. அது பிறப்பில் வந்த ஜீன். ஒரு பெற்றோரிடமிருந்து வந்திருந்தால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரதி, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இரண்டு. கண்ட்ரோல் ஜீன் எப்போதும் இரண்டு பிரதி. எனவே பி27-இன் சிடி எண்ணும் (ஒளிர்வு எந்தச் சுற்றில் எழுகிறது என்ற எண்) கண்ட்ரோலின் சிடி எண்ணும் கூடவே நடக்க வேண்டும். இரண்டும் ஒரே திறனோடு பெருகினால் வித்தியாசம் ஒரு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கிட்டில் அது ஒன்றா இரண்டா என்பதைத் தெரிந்த பாசிட்டிவ்களை ஓட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் 24-இல் எழுந்து பி27 மட்டும் 36-இல் எழுந்தால் அது லேசான பாசிட்டிவ் அல்ல. தொற்றிய துண்டோ, பொருந்தாத ப்ரைமரோ. 12 சுற்று வித்தியாசம் என்றால் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. பிறப்பில் வந்த ஜீன் நாலாயிரம் செல்லில் ஒரு செல்லில் மட்டும் இருக்காது.

இதற்கு உள்ள விலக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள். அவர்கள் ரத்தத்தில் கொடையாளரின் டிஎன்ஏதான் பெரும்பாலும் இருக்கும், சில சமயம் இருவருடையதும் கலந்திருக்கும். ரத்தத்தில் வரும் பி27 யாருடையது என்றே சொல்ல முடியாது. படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் வையுங்கள்.

சைபர் கிரீன் (எந்த இரட்டை இழை டிஎன்ஏ-வோடும் ஒட்டி ஒளிரும் சாயம்) வகை கிட் என்றால் மெல்டிங் வளைவு, அதாவது பெருகிய துண்டு எந்த வெப்பத்தில் உருகுகிறது என்ற வரைபடம், கட்டாயம். ப்ரைமர் தங்களுக்குள் ஒட்டிப் பெருகினாலும் சைபர் ஒளிரும். அது தாழ்ந்த வெப்பத்திலேயே உருகி விழும்.

---

ஓசூர்_வாசகன் | செவ்வாய், மாலை 6.45

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூட்டு வலிக்கு ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தவருக்கும் இந்த பி27 டெஸ்ட் வேண்டுமா? இரண்டும் ஜீன் டெஸ்ட்தானே?

---

மூட்டியல்_டாக்டர் | செவ்வாய், இரவு 9.00

இல்லைங்க. ஆர்ஏ ஃபேக்டரும் ஆன்டி-சிசிபியும் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை அளப்பவை, கூடலாம் குறையலாம். அவை முடக்குவாதத்துக்கு உரியவை. பி27 பரம்பரையாக வரும் ஜீன், வாழ்நாளில் ஒருமுறை சரியாகப் பார்த்தால் போதும். "போன வருஷம் பாசிட்டிவ், இப்போ குறைஞ்சிருக்கா பார்க்கலாம்" என்று யாராவது மறுபடி எழுதிக் கொடுத்தால் செலவு வீண்.

முடக்குவாதத்துக்கும் ஜீன் தொடர்பு உண்டு. டிஆர்பி1 ஜீனில் 70 முதல் 74 வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்களின் பொது வரிசை, 1987-இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் 2010-இல் வந்த வகைப்படுத்தும் விதிகளில் அதற்கு இடம் இல்லை. முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்க டிஆர்பி1 டைப்பிங் கேட்பதில் பயன் இல்லை.

இப்போது மூல விஷயத்துக்கு. லேப் துல்லியத்தைப் பற்றி எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் துல்லியம் இரண்டு படி. முதல் படி, டெஸ்ட் பி27 இருப்பதைச் சரியாகச் சொல்கிறதா. இரண்டாம் படி, பி27 இருந்தால் நோய் இருக்கிறதா. இந்த இரண்டையும் குழப்புவதால் வரும் பாதிப்பு அதிகம்.

பி27-க்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸுக்கும் (முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோய்) உள்ள தொடர்பு 1973-இல் வெளியானது. ஐரோப்பிய நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு பி27 உண்டு. ஆனால் பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க நோய் வராது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உணர்திறன் (நோயுள்ளவரில் பாசிட்டிவ் வரும் சதவீதம்) 90, குறிப்புத்திறன் (நோயில்லாதவரில் நெகட்டிவ் வரும் சதவீதம்) 90 என்று வைத்தால் பாசிட்டிவின் எடை, 90-ஐ 10-ஆல் வகுத்து, 9. நாள்பட்ட முதுகுவலிக்காரர் நூறு பேரில் 5 பேருக்கு இந்த நோய் என்று தொடங்கினால், பி27 பாசிட்டிவ் வந்த பிறகும் வாய்ப்பு 32 சதவீதம்தான். அழற்சி வகை முதுகுவலி, அதாவது காலை இறுக்கம், அசைந்தால் குறைவது, ராத்திரி பின்பாதியில் எழுப்பிவிடுவது எல்லாம் சேர்ந்து 14 சதவீதத்திலிருந்து தொடங்கினால் 59. அதே 14-இல் நெகட்டிவ் வந்தால் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்.

இந்த எண்கள் ஐரோப்பியரிடம் எடுத்தவை. இங்கே நோயாளிகளில் பி27 உள்ளவர் விகிதம் அங்கே போல உயரமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதனால் நெகட்டிவை வைத்து நோயே இல்லை என்று கதவை மூடாதீர்கள்.

இந்த நோயை வகைப்படுத்த 2009-இல் ஏஎஸ்ஏஎஸ் என்ற சர்வதேச நிபுணர் குழு தந்த விதி: 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி. அதோடு சாக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்) படத்தில் அழற்சியும் வேறு ஒரு அடையாளமும் இருக்க வேண்டும், அல்லது பி27-உம் வேறு இரண்டு அடையாளமும் இருக்க வேண்டும். இரண்டாவது வழியில் பி27 முழு எடையையும் தாங்குகிறது. அங்கே பொய்யான பாசிட்டிவ் ஒன்று வந்தால் ஒருவர் இல்லாத நோய்க்கு விலை உயர்ந்த உயிரியல் மருந்து எடுக்கும் நிலை வரும். அதனால்தான் 151, 147 எனக்குக் கவலை தருகிறது.

---

தரம்_எலஹங்கா | புதன், காலை 8.20

டாக்டர் சொன்ன இரண்டாம் படியைப் போலவே முதல் படிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லேபின் ஃப்ளோ உணர்திறன் 99, குறிப்புத்திறன் 97 என்று வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டுக்காக). வரும் 1000 சாம்பிளில் 50 பேருக்கு உண்மையில் பி27. கண்டுபிடிப்பது சுமார் 50. மீதி 950-இல் 3 சதவீதம், அதாவது 28 அல்லது 29 பேர் பொய்யான பாசிட்டிவ். ரிப்போர்ட் வாங்கிய பாசிட்டிவ்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தப்பு. 97 சதவீதம் என்று காதுக்கு நன்றாகக் கேட்கும். நடைமுறையில் இதுதான் நிலை. மூட்டு டாக்டர் நன்றாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் நிலைமை மேம்படும். "முழு உடல் பேக்கேஜ்" என்று எல்லாருக்கும் ஓட்டினால் மோசமாகும்.

சரிபார்ப்புச் சோதனைகளிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. "30 சாம்பிள் ஓட்டினோம், ஒன்றுகூடத் தப்பவில்லை, 100 சதவீதம்" என்று கோப்பில் எழுதுகிறார்கள். 30-இல் பூஜ்யம் தப்பு என்றால் உண்மையான தப்பு விகிதம் 10 சதவீதம் வரைகூட இருக்க இடம் உண்டு. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மேல் எல்லை அது. 300-இல் பூஜ்யம் என்றால்தான் 1 சதவீதம் என்று பேசலாம். அதைவிட முக்கியம் எந்த சாம்பிள் என்பது. தெளிவான நெகட்டிவ் இருபதும் தெளிவான பாசிட்டிவ் பத்தும் ஓட்டினால் எந்த முறையும் தேறிவிடும். பி7 மட்டும் உள்ளவர், பி27-உம் பி7-உம் சேர்ந்தவர், 48 மணி நேரமான சாம்பிள், வெள்ளையணு மிகக் குறைந்தவர், மிக அதிகமானவர், இவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓ 15189 (மருத்துவ லேப்களுக்கான தர விதி) அங்கீகாரம் உள்ள லேப் என்றால் வெளி ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம். பி27-க்கென்றே தனித் திட்டம் பிரிட்டனின் வெளி ஒப்பீட்டு அமைப்பான யுகே நெக்வாஸில் உண்டு. அதில் சேர வசதி இல்லாத சிறிய லேப் இன்னொரு லேபோடு சாம்பிள் மாற்றிப் பார்க்கலாம். வேறு முறை பயன்படுத்தும் லேபோடு மாற்றுங்கள். ஃப்ளோவுக்கு எதிரே பிசிஆர். ஒரே கிட் வைத்திருக்கும் இருவரும் ஒரே தப்பில் ஒத்துப் போவார்கள்.

---

செல்கேட் | புதன், காலை 10.00

டாக்டர் சார், ஒரு கேள்வி. துணைவகை கேட்டு எழுதுவீர்களா? சில லேப்கள் பி*27:05, பி*27:04 என்று தனித்தனியாகக் கொடுக்கின்றன.

---

மூட்டியல்_டாக்டர் | புதன், இரவு 8.30

வழக்கமாகக் கேட்பதில்லை. இங்கே அதிகம் வருவது 27:05-உம் 27:04-உம், இரண்டுமே நோயோடு தொடர்புள்ளவை. தென்கிழக்காசியாவில் உள்ள 27:06-உம் இத்தாலியத் தீவான சார்டினியாவில் உள்ள 27:09-உம் நோயோடு வலுவான தொடர்பு இல்லாதவை. 27:09-க்கும் 27:05-க்கும் வித்தியாசம் 116-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். ஃப்ளோ ஆன்டிபாடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது; புரதத்தின் நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் அது மறைந்திருக்கிறது. நோயாளியின் பூர்வீகம் அந்தப் பக்கம் என்றால் மட்டும் கேட்பது நியாயம்.

---

அகரோஸ்_மல்லேஸ்வரம் | புதன், இரவு 9.15

துணைவகை பார்க்காத லேபுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். பி27-இல் அறியப்பட்ட அல்லீல்கள் நூற்றைத் தாண்டி எப்போதோ போய்விட்டன; தரவுத்தளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கிட் தயாரித்த வருடத்தில் தெரிந்த அல்லீல்களுக்குத்தான் அதன் ப்ரைமர் வடிவமைக்கப்பட்டிருக்கும். ப்ரைமர் உட்காரும் இடத்தில் ஓர் எழுத்து மாறிய அரிய அல்லீல் வந்தால் பேண்ட் வராது. கண்ட்ரோல் பேண்ட் அழகாக வந்து நிற்கும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இந்தத் தப்பை உள் கண்ட்ரோலால் பிடிக்க முடியாது. ஜீனின் எக்ஸான் 2 என்ற பகுதியில் ஒரு ஜோடி, எக்ஸான் 3-இல் ஒரு ஜோடி என்று இரண்டு இடத்தில் பார்க்கும் கிட் இருந்தால் பாதுகாப்பு கூடும். கிட் தாளில் எந்த அல்லீல்களைப் பிடிக்கும், எவற்றைப் பிடிக்காது, எவற்றோடு குறுக்கே ஒட்டும் என்ற அட்டவணை இருக்கும். அதைப் படிக்காமல் டெஸ்டைத் தொடங்க வேண்டாம்.

எதிர்ப்பக்கம், பெயரின் கடைசியில் N என்ற ஆங்கில எழுத்து ஒட்டிய அல்லீல்கள். ஜீன் இருக்கும், புரதம் உருவாகாது. பிசிஆர் பாசிட்டிவ், ஃப்ளோ நெகட்டிவ் என்று வந்து பழைய சாம்பிள் என்ற காரணமும் இல்லை என்றால் இதையும் எண்ணிப் பார்த்து முழு ஜீன் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பலாம். மிக அரிது.

இன்னொன்று: இப்போது சில மலிவான பேனல்கள் பி27-ஐ நேரே பார்க்காமல் பக்கத்திலுள்ள ஒற்றை எழுத்து மாற்றத்தை, ஆர்எஸ்4349859 போன்றதை, வைத்து ஊகிக்கின்றன. அந்த ஜோடிச் சேர்க்கை ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டது. நம் மக்களிடம் அதே இறுக்கத்தோடு இரண்டும் சேர்ந்தே போகும் என்று சொல்ல அடிப்படை இல்லை. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை வைத்து மருந்து முடிவு எடுக்காதீர்கள்.

---

ஹூடி_லேப் | வெள்ளி, மாலை 5.40

முடிவோடு வருகிறேன். நோயாளியை நேராக லேபுக்கே வரச் சொல்லி இரண்டு பர்ப்பிள் குழாய் எடுத்தோம். ஒன்று மூன்று மணி நேரத்துக்குள் ஃப்ளோவுக்கு, மற்றது டிஎன்ஏ-வுக்கு. காலையில் பீட்ஸ் ஓட்டி, தெரிந்த பாசிட்டிவ், தெரிந்த பி7, தெரிந்த நெகட்டிவ் மூன்றையும் கூடவே ஓட்டினோம்.

ஃப்ளோ: பி7 பக்கம் நன்றாக உயரம். பி27 பக்கம் நடுத்தர மேடு, பி7 கண்ட்ரோலின் மேட்டோடு ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று. மீடியன் இம்முறை 138.

எஸ்எஸ்பி: எக்ஸான் 2, எக்ஸான் 3 இரண்டு குழாயிலும் பி27 பேண்ட் இல்லை. இரண்டிலும் கண்ட்ரோல் பேண்ட் தெளிவு. பாசிட்டிவ் கண்ட்ரோலில் சரியான அளவில் பேண்ட், தண்ணீர் குழாய் சுத்தம். 260/280 விகிதம் 1.82.

இரண்டாவது லேபும் ஜெல் படம் அனுப்பிவிட்டார்கள். கண்ட்ரோல் பேண்ட் இருக்கிறது. அவர்கள் நெகட்டிவ் சரிதான்.

---

மூட்டியல்_டாக்டர் | வெள்ளி, இரவு 8.50

அருமை. பி27 நெகட்டிவ், பி7 பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வலியின் தன்மை அழற்சி போலத்தான் இருக்கிறது, அதனால் இதோடு நிறுத்த மாட்டேன். சாக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ, ஸ்டிர் வரிசையோடு (அழற்சியின் நீர்க்கோப்பைக் காட்டும் படவகை), கேட்கச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி வழக்கமாகத் தேவையில்லை. முதுகு எம்ஆர்ஐ மட்டும் எடுத்துவிட்டு சாக்ரோஇலியாக் மூட்டை விட்டுவிடுகிறார்கள். சீட்டில் தெளிவாக எழுத வேண்டும்.

---

ஹூடி_லேப் | வெள்ளி, இரவு 9.10

சொல்லிவிடுகிறேன் சார். கடைசியாக ஒன்று: எங்கள் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது? முதல் லேபின் பாசிட்டிவ் நோயாளியின் கோப்பில் அப்படியே கிடக்கிறதே.

---

தரம்_எலஹங்கா | சனி, காலை 7.30

உங்கள் ரிப்போர்ட்டில் "நெகட்டிவ்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். முறை: பிசிஆர்-எஸ்எஸ்பி, எக்ஸான் 2, 3. கிட்டின் பெயர், லாட் எண். உள் கண்ட்ரோல் வேலை செய்தது. சாம்பிள் வகை ஈடிடிஏ, எடுத்த நேரம், வந்த நேரம், ஓட்டிய நேரம். எந்தத் துணைவகைகளைக் கிட் பிடிக்காது என்று ஒரு வரி. ஃப்ளோவில் பி7 பாசிட்டிவ், பி27 பகுதியில் குறுக்கு வினை என்று இன்னொரு வரி. அந்த வரிதான் நாளைக்கு வேறு டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது உதவும்.

முதல் லேபுக்கு உங்கள் முடிவை, ஹிஸ்டோகிராமையும் ஜெல் படத்தையும் சேர்த்து, எழுத்தில் அனுப்புங்கள். அவர்கள் திருத்திய ரிப்போர்ட் வெளியிட வேண்டும். பழைய முடிவை அழிக்காமல், "திருத்தப்பட்டது" என்ற குறிப்போடு பழைய முடிவு, அதன் தேதி, மாற்றியதற்கான காரணம், திருத்திய தேதி நான்கும் அதில் தெரிய வேண்டும். கூடவே 147-ஐச் சுற்றி மேலும் கீழும் எத்தனை சேனல் வரை டிஎன்ஏ-வுக்கு அனுப்புவது என்று ஓர் எல்லையை அவர்கள் முடிவு செய்யட்டும். அவர்களிடமே இருக்கும் பழைய பி7 சாம்பிள்களின் மீடியன்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த எல்லை எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.